கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தொழிலும் புதிய புரோகிதமும்

(ஐ.டி. சப்போர்ட் வேலையில் அப்ரண்டிசாகச் சேர்ந்துள்ள இளைஞர்களும் அவர்களது பெற்றோர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியது)



இங்கு கூடியிருப்பவர்களில் பெரும்பாலோர் கம்பெனிகளிலும், காலேஜுகளிலும், ஆஸ்பத்திரிகளிலும் ஐ.டி. சப்போர்ட் என்று சொல்லப்படும் வேலையில் அப்ரண்டிசாகச் சேர்ந்திருக்கும் இளைஞர்கள் என்று தலைவர் அவர்கள் சொன்னார்கள். இந்த விஷயத்தைப் பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை என்று சிலர் கேட்கக்கூடும். நாம் காலேஜுப் படி ஏறியவரல்ல. ஆனால் பிரசாரத்திற்கு வருமுன் சில வருஷ காலம் இதே தொழிலில்தான் வயிறு கழுவினோம். 2000-வது வருஷத்தை ஒட்டிய காலத்தில் ஒரு சிறு பட்டணத்துக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் கையாளாகச் சேர்ந்தோம். அப்போது அதற்கு அப்ரண்டிஸ் என்கிற கௌரவமான பெயர்கூடக் கிடையாது. "பையன்" என்பதுதான் பெயர். ஆகையால் நமக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறோம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

முதலாவது, இந்த வேலை என்ன? ஒரு குமாஸ்தா போனில் கூப்பிட்டு "சிஸ்டம் ஓடவில்லை" என்கிறார். ஓடவில்லை என்றால் என்ன அர்த்தம்? விளக்கு எரிகிறதா? விசிறி சுற்றுகிறதா? திரை இருட்டாயிருக்கிறதா, எழுத்து வந்து நிற்கிறதா? நேற்று ஓடியதா? நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாறியது? இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவனுக்குப் பாதி வேலை முடிந்தது. கேட்கத் தெரியாதவன் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டு மாலையில் "மதர்போர்டு போய்விட்டது" என்று சொல்லி வெளியேறுவான். ஆகவே, இது கேள்வி கேட்கும் தொழில். கேள்வி கேட்பதே பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்பதற்கே சம்பளம் தருகிற தொழில் ஒன்று வந்திருக்கிறது என்றால் அது சாதாரண விஷயமா?

ஒரு சங்கதி சொல்லுகிறோம். ஒரு ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் தினமும் திடீர் திடீரென்று நின்றுபோய்க் கொண்டிருந்தது. நம் கடைக்கு ஆள் அனுப்பினார்கள். நாம் போய்ச் சேருவதற்கு முன்பாகவே ஒரு வாஸ்து சாஸ்திரி போய்ச் சேர்ந்துவிட்டார். மேஜை தெற்குப் பார்த்து இருக்கிறது, அதுதான் தோஷம் என்று கிழக்கு முகமாகத் திருப்பிப் போடச் சொல்லி, தட்சணையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். திருப்பிப் போட்டார்கள், யந்திரமும் ஓடிற்று! நாம் போனபோது மானேஜர் நம்மைப் பார்த்துச் சிரித்து, "தம்பி, உன் ஸ்குரூடிரைவருக்கு இங்கே வேலையில்லை" என்றார்.

நாம் அங்கேயே நின்றுகொண்டு யோசித்தோம். மேஜையைத் திருப்பியபோது வேறு எதுவும் மாறவில்லையா? மாறியிருந்தது. பழைய இடத்திலிருந்த பிளக் பாயிண்ட்டுக்கு ஒயர் எட்டவில்லை. ஆகவே எதிர்ச் சுவரிலிருந்த வேறு பிளக்கில் செருகியிருந்தார்கள். மானேஜரைக் கெஞ்சி அனுமதி வாங்கி, மேஜை கிழக்குப் பார்த்தபடியே இருக்க, நீண்ட ஒயர் ஒன்று போட்டுப் பழைய பிளக்கில் செருகினோம். அரை மணியில் நின்றது. பிறகு மேஜையைத் தெற்குப் பார்த்தே திருப்பிப் போட்டு, புதிய பிளக்கில் செருகினோம். சாயங்காலம் வரை ஓடிற்று, மறுநாளும் ஓடிற்று. பழைய பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒயர் தளர்ந்து, கருகிப்போய்க் கிடந்தது. இன்னும் சில நாள் போயிருந்தால் தீப்பற்றியிருக்கும். தீப்பற்றியிருந்தால் அதற்கும் ஒரு பரிகாரம் சொல்லியிருப்பார்கள். அப்பொழுதும் அந்த சாஸ்திரி வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதையும், நம் கடைக்குச் சேரவேண்டிய சர்வீஸ் கட்டணத்தைத்தான் குறைத்துக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

ஒரே சமயத்தில் இரண்டை மாற்றாதே. ஒன்றை மாற்று, பார், பிறகு மற்றொன்றை மாற்று என்பது நீங்கள் முதல் மாதத்திலேயே படிக்கிற பாடம். இந்தப் பாடத்தை ஆபீசில் மாத்திரம் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது கழற்றி வைத்துவிடுகிறார்கள் பலர். மெஷினுக்கு வந்த கோளாறுக்குக் காரணம் தேடுகிறவன், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மந்திரித்துக் கயிறு கட்டுகிறான். கூடவே டாக்டர் மருந்தும் கொடுக்கிறான். குணமானால் கயிற்றுக்குப் பெருமை! எந்தப் பிளக்கினால் ஓடியது என்று அங்கே ஏன் கேட்பதில்லை?

1947-வது வருஷம் செப்டம்பர் மாதம் 9-ந் தேதி அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த மார்க் 2 என்னும் பெரிய கணக்கு யந்திரம் தடுமாறியது. அங்கே வேலை பார்த்தவர்கள் யந்திரத்தைத் திறந்து தேடி, ஒரு ரிலேக்குள் ஒரு அந்துப்பூச்சி சிக்கிச் செத்துக் கிடப்பதைக் கண்டுபிடித்து, அதை எடுத்து அன்றைய குறிப்புப் புத்தகத்திலேயே ஒட்டி வைத்தார்கள். அந்தப் பக்கம் ஸ்மித்சோனியன் காட்சிசாலையைச் சேர்ந்த சொத்தாக இருக்கிறது. கோளாறுக்குப் பூச்சி என்று பெயர் வைத்ததே அன்றைக்குத்தான் என்று பலர் சொல்லுவார்கள். அது சரியல்ல, அதற்கு வெகுகாலம் முன்பே எஞ்சினீயர்கள் அப்படிச் சொல்லி வந்தார்கள். நமக்கு வேண்டிய விஷயம் வேறு. கண்டதை எழுதி வைத்தார்கள். நீங்களும் டிக்கெட்டை மூடும்போது "சரி செய்யப்பட்டது" என்று ஒரு சொல்லோடு மூடாமல், என்ன கண்டீர்கள், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்து வருகிற அப்ரண்டிஸ் அதைப் படித்துத்தான் கற்றுக்கொள்ளப் போகிறான்.

நிற்க, "ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்" என்று நீங்கள் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லுகிறீர்கள். அது ஏன் வேலை செய்கிறது என்று உங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? ஏன் என்று தெரியாமல் சொல்லுகிறவரையில் அதுவும் ஒரு மந்திரம்தான். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் மெமரியில் இடம் பிடித்துக்கொண்டு சில சமயம் திருப்பிக் கொடுப்பதில்லை. சிறு சிறு பிசகுகள் மேலே மேலே சேருகின்றன. அணைத்து எழுப்பினால் எல்லாம் துடைக்கப்பட்டுப் புதிதாகத் தொடங்குகிறது. 1991-வது வருஷம் பிப்ரவரி 25-ந் தேதி சவூதி அரேபியாவில் தஹ்ரான் என்ற இடத்தில், வரும் ஏவுகணையைத் தடுக்க வைத்திருந்த பேட்ரியட் என்னும் யந்திரம் 100 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கடிகாரக் கணக்கில் ஒரு மிகச் சிறிய பிசகு. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பாகத்தை அந்த யந்திரத்தின் எண் முறையில் சரியாக எழுத முடியாது, சிறிது வெட்டுப்படும். அந்தத் துணுக்கு 100 மணி நேரத்தில் சேர்ந்து சுமார் மூன்றில் ஒரு விநாடி ஆயிற்று. அவ்வளவுதான். யந்திரம் தவறான இடத்தில் தேடிற்று. ஈராக்கின் ஏவுகணை படை வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் விழுந்து 28 பேர் மாண்டார்கள். வெகு நேரம் ஓடவிட்டால் கணக்குப் பிசகும் என்று சில நாள் முன்னதாகவே தகவல் போயிருந்தது. எவ்வளவு நேரம் என்பது வெகு நேரம் என்று மாத்திரம் சொல்லவில்லை! திருத்திய புரோகிராம் மறுநாள், 26-ந் தேதி, வந்து சேர்ந்தது. "ஏன்" என்பதையும் "எவ்வளவு" என்பதையும் சேர்த்துச் சொல்லாத உத்தரவினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இனி நம் நாட்டு வேடிக்கையைப் பார்ப்போம். ஆயுத பூஜை வந்தால் கீபோர்டுக்குச் சந்தனம், மானிட்டருக்குக் குங்குமம், சர்வருக்கு மாலை, யு.பி.எஸ்.ஸுக்கு எலுமிச்சம்பழம். விபூதி மெல்லிய தூள். விசிறி அதை உள்ளே இழுக்கும், சூடு தணிக்கும் தகடுகளின் இடுக்கில் போய் அடையும், சூடு ஏறும், யந்திரம் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். பூஜைக்கு மறு வாரம் நம் கடைக்கு வந்த மெஷின்களைத் திறந்தால் கோயில் பிரகாரம் மாதிரி மணக்கும். நமக்கு அதனால் வருமானம்தான்! முதலாளி சந்தோஷப்பட்டார். அந்த வருமானத்தில்தான் நாமும் சாப்பிட்டோம். அதனால் அது புத்திசாலித்தனமாகிவிடுமா?

அன்றியும், சர்வரை நிறுத்தி எழுப்புவதற்கு ராகுகாலம் பார்க்கிற எஞ்சினீயர்கள் இருக்கிறார்கள். எம்.இ. படித்தவர்கள்! அவர்களுக்காகவே ஒரு கணக்குக் கொண்டுவந்திருக்கிறோம். 2024-வது வருஷம் ஜூலை 19-ந் தேதி வெள்ளிக்கிழமை, கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கக் கம்பெனி தன் காவல் புரோகிராமுக்கு ஒரு திருத்தம் அனுப்பியது. அதில் பிழை. உலகமெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்கள் நீலத் திரை காட்டி விழுந்தன. விமானங்கள் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பிழை அனுப்பப்பட்ட நேரம் நம் நாட்டுக் கணக்குப்படி காலை 9 மணி 39 நிமிஷம். வெள்ளிக்கிழமை குளிகை 9 மணிக்கே முடிந்துவிட்டது, ராகுகாலம் 10.30-க்குத்தான் தொடக்கம்; எமகண்டம் பிற்பகல் 3 மணிக்கு. ஆகப் பஞ்சாங்கப்படி எந்தத் தோஷமும் இல்லாத நேரத்தில்தான் உலகத்தைப் படுக்க வைத்தார்கள். அந்தப் பிழையைத் திரும்ப வாங்கிக்கொண்டு சரியானதை அனுப்பியது எப்போது? 10 மணி 57 நிமிஷத்துக்கு. நல்ல ராகுகாலத்தில்! (சிரிப்பு) பஞ்சாங்கக்காரர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுகிறார்கள் என்று கேட்டு வந்து சொல்லுங்கள்.

அந்தச் சம்பவத்தில் நாம் கவனித்தது இன்னொன்று. விழுந்த யந்திரம் நெட்வொர்க்கில் எழுந்திருக்காதபடியால் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு பலவற்றைத் திருத்த முடியவில்லை. ஒவ்வொரு யந்திரத்தின் முன்னும் ஒரு ஆள் போய் நின்று, சேஃப் மோடில் எழுப்பி, அந்த ஒரு பைலை அழிக்க வேண்டியிருந்தது. டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் நீண்ட சாவி எண்ணையும் பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டும். யார் போனார்கள்? மேனேஜிங் டைரக்டரா போனார்? கடைசிப் படியில் இருக்கிற சப்போர்ட் பையன்களும் பெண்களும்தான் போனார்கள். லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள் பக்கத்தில் நின்று வியர்த்துக் கொண்டிருந்தார்கள். மறுவாரம் அந்தப் பையன்களின் பெயரை யார் நினைத்தார்கள்?

நிற்க, இதுவரை பிறருடைய மூடத்தனத்தைச் சொன்னோம். உங்களுக்கு வரக்கூடிய வியாதி ஒன்று உண்டு, அதற்கு வருகிறோம். நாம் வேலை பழகிய கடையில் தலைமை மெக்கானிக் ஒருவர் இருந்தார். கெட்டிக்காரர். ஆனால் முக்கியமான இடம் வரும்போது "டேய், டீ வாங்கி வா" என்று நம்மை வெளியே அனுப்பிவிடுவார். திரும்பி வந்தால் யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். என்ன செய்தார் என்று கேட்டால் "அதெல்லாம் தொழில் ரகசியம்" என்பார். ஆறு மாதம் டீ வாங்கினோம். பிறகு, மதர்போர்டுப் பெட்டியோடு வரும் சிறு புத்தகத்தை அவர்கள் குப்பையில் போடுவதைக் கண்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துப் போய், இரவில் அகராதி வைத்துக்கொண்டு வாசித்தோம். இங்கிலீஷ் நமக்கு அந்தக் குப்பைக் கூடையில்தான் வந்தது. அந்தத் தொழில் ரகசியம் முழுவதும் எட்டணாப் பெறாத அந்தப் புத்தகத்தில் படம் போட்டு எழுதியிருந்தது! ஏகலைவன் தானாகவே கற்றுக்கொண்டான் என்பதற்காகக் கட்டைவிரலை வாங்கிய குருவைப் புராணத்தில் மெச்சுகிறார்கள். நம் மெக்கானிக் விரலைக் கேட்கவில்லை. ஆறு மாதத்தைத்தான் வாங்கினார்.

அறிவை மறைத்து வைப்பதும், புரியாத பாஷையில் பேசிப் பயமுறுத்துவதும், அந்தப் பயத்துக்குக் கட்டணம் வாங்குவதும் சேர்ந்தால் அதற்குப் பெயர் புரோகிதம். அதற்குப் பூணூல் வேண்டியதில்லை; கழுத்தில் அடையாள அட்டை தொங்கினாலும் போதும். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியாரம்மாள் கம்ப்யூட்டரோடு வருகிறார். கேபிள் தளர்ந்திருக்கிறது. அதைச் செருகிவிட்டு, அவருக்குப் புரியாத நாலு இங்கிலீஷ் வார்த்தை சொல்லி 500 ரூபாய் வாங்குகிறவனுக்கும், புரியாத பாஷையில் நாலு சுலோகம் சொல்லித் தட்சணை வாங்குகிறவனுக்கும் என்ன வித்தியாசம்? "அம்மா, இந்தக் கேபிள் தளர்ந்திருந்தது; இனி இப்படி ஆனால் நீங்களே செருகிக்கொள்ளலாம்" என்று சொல்லிப் பாருங்கள். அந்த அம்மாள் மறுபடியும் உங்களைத்தான் தேடி வருவார். பெரிய கோளாறோடு வருவார். "யூசருக்கு மூளையில்லை" என்று கேண்டீனில் உட்கார்ந்து சிரிக்கிற பழக்கத்தையும் விடுங்கள். உங்கள் தகப்பனாரும் யாரோ ஒருவருக்கு யூசர்தான்.

எல் ஒன்று, எல் இரண்டு, எல் மூன்று என்று உங்கள் வேலையில் படிகள் வைத்திருக்கிறார்கள். சர்வர் ரூமுக்குள் எல் ஒன்றை விடுவதில்லை. இதுவும் வருணாசிரமம்தானே என்று ஒரு இளைஞர் நம்மைக் கேட்டார். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். நன்றாயிருக்கிறது என்பதற்காகப் பொருந்தாத உவமையைச் சொல்லக்கூடாது. கர்ப்பக்கிரகத்தின் கதவு காலம் காலமாகப் பிறப்பைப் பார்த்துத் திறந்தது. சர்வர் ரூம் கதவு அட்டையைப் பார்த்துத் திறக்கிறது. அந்த அட்டையை யாருக்கு, எந்தப் பரீட்சையின் பேரில், எப்போது கொடுப்பீர்கள் என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். பதில் இருந்தால் அது ஒழுங்கு. பதில் இல்லாமல் "அவன் நம்ம பையன், இவன் வேண்டாம்" என்றால் அப்பொழுது அது கர்ப்பக்கிரகம்தான், சண்டை போடுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. 1953-ல் இந்த ராஜ்யத்தில் பிள்ளைகள் அரை நாள் பள்ளியிலும் மீதி நேரம் தகப்பன் தொழிலிலும் இருக்கட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. நாடு எதிர்த்தது, 1954-ல் கைவிடப்பட்டது. அது நிலைத்திருந்தால் இங்கே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் கையில் இன்று கத்தரிக்கோலும், வெளுக்கிற துணியும், மண்வெட்டியும் மாத்திரம் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தொழில்கள் இழிவு என்று நாம் சொல்லவில்லை. தகப்பன் செய்தான் என்பதற்காக மகனும் செய்ய வேண்டும் என்பதுதான் இழிவு. தகப்பனுக்குச் சம்பந்தமே இல்லாத தொழிலை மகளும் மகனும் பழகப் போகிறார்கள் என்பதனாலேயே இந்த அப்ரண்டிஸ் வேலையை நாம் பெரிதாக நினைக்கிறோம்.

பெரிதாக நினைக்கிறோம் என்பதற்காகக் குறையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1961-வது வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-வது பிரிவு, அப்ரண்டிஸ் என்பவன் பயிலுகிறவன். தொழிலாளியல்ல என்று சொல்லுகிறது. ஆகவே தொழிலாளர் சட்டங்களின் பாதுகாப்புப் பெரும்பாலும் அவனுக்கு இல்லை. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலொழிய, முதலாளிக்குக் கிடையாது. 2019-ல் திருத்திய விதிகளின்படி உதவித்தொகை படிப்புக்குத் தக்கபடி மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்சம் என்று வைத்தார்கள். பிறகு வந்த மாறுதல்களை நீங்களே சர்க்கார் போர்ட்டலில் பார்த்துக்கொள்ளுங்கள். 2016-ல் தொடங்கிய திட்டப்படி உதவித்தொகையில் கால் பங்கு, 1,500 ரூபாய்க்கு மேற்படாமல், சர்க்கார் தரும் என்று வைத்தார்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஸ்தாபனம் நூற்றுக்கு இரண்டரை முதல் 15 வரை அப்ரண்டிஸ்களை வைத்தாக வேண்டும். தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பழங்குடியினருக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது; பிற்படுத்தப்பட்டவர்களுக்கும் பின்னால் சேர்த்தார்கள். இதெல்லாம் ஏட்டில் இருக்கிறது. பயிலுகிறவன் என்று பெயர் வைத்துவிட்டு, வருஷம் முழுவதும் பிரிண்டருக்குப் பேப்பர் போடவும், பெட்டி தூக்கவும் வைத்துக்கொண்டால் அவன் என்ன பயின்றான்? பயிலுகிறவன் என்றால் பாடம் எங்கே? தொழிலாளி என்றால் கூலி எங்கே? இரண்டில் ஒன்று சொல்ல வேண்டாமா? ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே அது பதிவாகிறதா என்று பாருங்கள். ஒரு பிரதி வாங்குங்கள். எந்த மாதம் என்ன கற்றுத் தருகிறார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தினமும் என்ன வேலை செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நாளைக்கு வழக்காடவும் அதுதான் உதவும், வேலைக்கு நேர்முகம் போகும்போதும் அதுதான் உதவும்.

நேரமாகிவிட்டது. இரண்டு கேள்விச் சீட்டுகள் வந்திருக்கின்றன.

முதல் சீட்டு: "ஆயுத பூஜையன்று சர்வருக்குப் பொட்டு வைக்கும் வேலையை என்னிடம் கொடுக்கிறார்கள். நான் நாத்திகன். மறுத்தால் சர்ட்டிபிகேட் கெட்டுப்போகுமா?" தோழரே, நாத்திகப் பிரசங்கத்தை அங்கே ஆரம்பிக்க வேண்டியதில்லை. தூளும் ஈரமும் காற்றுத் துளைக்குள் போனால் யந்திரம் கெடும் என்று மேலதிகாரிக்கு ஒரு மெயில் எழுதுங்கள். பொட்டு வைத்தே தீர வேண்டுமானால் அலமாரிக் கதவுக்கு அவர்களே வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் அன்றைக்கு முன்னதாகப் பேக்கப் எடுத்து, புளோயரால் தூசி ஊதிவிடுங்கள்.

இரண்டாவது சீட்டு ஒரு பெண்மணி எழுதியது: "என் மகனுக்கு தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, முதல் மூன்று மாதம் பயிற்சி, 50,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று ஏஜெண்டு ஒருவர் கடிதம் தந்திருக்கிறார். அனுப்பலாமா?" அம்மா, பணத்தைக் கட்டாதீர்கள். 2022-ல் இப்படித்தான் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று கூட்டிக்கொண்டு போன தமிழ்ப் பிள்ளைகளை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தி, போனிலும் கம்ப்யூட்டரிலும் ஊரை ஏமாற்றுகிற வேலையில் அடைத்து வைத்தார்கள். சர்க்கார் முயற்சியின் பேரில் மீட்டுக் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர் சர்க்காரில் பதிவு செய்த ஏஜெண்டாக இருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். கடிதத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தால் மேடைக்குக் கீழே வாருங்கள், இப்போதே பார்த்துவிடுவோம்.